விடுப்புப் படிவம்

ஜனவரி முடிவதற்குள் தேதி கொடுத்தாக வேண்டும்.
பத்து நாள். நடுவில் உடைக்கக் கூடாது.
அல்மாட்டியில் ஜன்னலுக்கு வெளியே
முழங்கால் அளவு பனி.
நானோ பாத்கென் பக்கத்துக் கிராமம் ஒன்றில்
ஆப்ரிகாட் மரங்கள் பூப்பதற்கு
முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முப்பது வருடச் சராசரி சொல்கிறது:
ஏப்ரல் முதல் வாரம், பகலில் பதினாறு பாகை,
இரவில் நான்கு.
மெல்லிய மேல்சட்டை போதும்.

அப்படியொரு நாளைத் தேடிப்
பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
ஒரு வருடம் ஏப்ரல் மூன்றில் இருபத்தாறு.
அடுத்த வருடம் அதே மூன்றில் மழையும் பனியும்.
இன்னொரு வருடம் கருவி பழுது, வெறும் கோடு.
பதினாறும் நான்கும் சேர்ந்து வந்தது
ஒரே ஒரு நாள்.
அன்றைக்கும் புழுதிக்காற்று என்று ஓரக்குறிப்பு.

முதல் பதினைந்தை ஒரு பக்கமும்
பிந்திய பதினைந்தை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன்.
இளவேனில் முன்னால் நகர்ந்திருக்கிறது,
வரிசையில் யாரும் பார்க்காதபோது நகர்கிறவரைப் போல.
கடைசி உறைபனி மட்டும் நகரவில்லை.
இருந்த இடத்திலேயே குந்தியிருக்கிறது.

அறை வாடகைக்கு விடும் கல்பூபூவுக்கு எழுதினேன்
(பெயரிலேயே இரண்டு பூ வைத்திருப்பவர்):
எந்த வாரம் நல்லது?

நான்கு நாள் கழித்துக் குரல் செய்தி.
பின்னால் ஓர் ஆடு, ஒரு கதவு, யாருடைய இருமலோ.
"எதற்கு நல்லது?"

பூப் பார்க்க, என்றேன்.

"போன வருடம் மார்ச் பதினொன்றிலேயே பூத்துவிட்டது.
தாலாய் ஏணி போட்டு ஏறிப் படமெடுத்தான்.
இருபத்தாறாம் தேதி விடிந்தபோது
பூவெல்லாம் நனைந்த தேநீர்ப்பையின் நிறம்.
உதிரக்கூட இல்லை, தெரியுமா,
அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.
நாற்பது மரத்துக்கு ஒரு வாளிப் பழம்.
ஜூலையில் லாரிக்காரர் இறங்கவேயில்லை,
ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் இரண்டு ஸ்வீடன்காரர்கள் தங்கியிருந்தார்கள்.
வானம் எவ்வளவு தெளிவு என்று முற்றத்தில் படுத்துக்கொண்டார்கள்.
இவ்வளவு நட்சத்திரம் தெரிந்தால்
நாங்கள் வைக்கோல் தேடி ஓடுவோம்."

மறுபடி அட்டவணைக்குப் போனேன்.
இம்முறை இரவுகளை மட்டும் படித்தேன்.
மேகமில்லாத தேதிக்கெல்லாம்
ஒரு மஞ்சள் சூரியன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் வராமலிருக்கவா?

"ஏன் வராமலிருக்க? அறையில் அடுப்பு கிடையாது,
அதனால் வாடகை குறைவு.
மெல்லிய மேல்சட்டை என்று யார் சொன்னது?
மார்ச் கடைசியில் வா.
பூ இருக்கலாம், போயிருக்கலாம்.
வானம் தெளிந்தால் இரண்டு மணிக்கு எழுப்புவேன்.
பன்னிரண்டு இடத்தில் புகைமூட்டம் போட வேண்டும்,
தீ எரியக் கூடாது, புகைய வேண்டும், அதுதான் கஷ்டம்.
தாலாய் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்,
கிழக்கு வரிசைக்கு ஆளில்லை.
கையுறை கொண்டு வா. நல்லதாக வேண்டாம்."

மார்ச் இருபத்திரண்டு முதல் முப்பத்தொன்று வரை.
காரணம் என்ற கட்டத்தில் 'சுற்றுலா' என்று எழுதி
அடித்தேன்.
மேலே வேறென்ன எழுதுவதென்று தெரியாமல்
அதையே மறுபடி எழுதினேன்.

மேலாளர் ராவ்ஷான் படிவத்தை வாங்கிக்கொண்டு,
அங்கே அப்போது வானிலை எப்படியிருக்கும் என்றார்.
மூன்று வாரம் படித்தவன்,
தெரியாது, என்றேன்.
சிரித்தபடி முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில்
தோல் கையுறை ஒரு ஜோடி கிடைத்தது,
எனக்குக் கொஞ்சம் பெரியது.
இடதுகையில் முன்பே
யாருடைய கரியோ.