பட்டன்

சயான் நிலையத்தில் எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில்
ஒரு கருவி விடாமல் கூவிக்கொண்டிருக்கும்.
பீப். பீப்.
பக்கத்தில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்கள்.
நான் அதை நோக்கி நடப்பேன்.

எட்டு ஐம்பத்திரண்டு, விக்ரோளிக்கு.
கூட்டம் எதிர்த்திசையில் போவதால்
பெரும்பாலும் இடம் கிடைக்கும்.
கிடைக்காத நாளில்
கால் கை எல்லாம் சரியாயுள்ள நாலு பேர்
எங்கள் சீட்டில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள்.
கலைக்கிற சத்தத்தில் தெரிந்துவிடும்.

இன்று அலுவலகத்தில் விழிப்புணர்வு தினம்.
ரிதிமா மைக்கில் சொன்னாள்:
"ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்.
நம் புஷ்பா எப்படி வாழ்கிறாள் என்று பார்ப்போம்."
என் பெயர் தங்கபுஷ்பம்.
ஆளுக்கொரு கறுப்புத் துணி,
கஞ்சி வாசம் போகாத புதுசு.
எனக்கும் ஒன்றை நீட்டிவிட்டு
"ஸாரி, தாயி" என்றான் விலாஸ்.
இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

நாற்காலி ஒன்று விழுந்தது.
யாரோ யாருடைய டீயிலோ கையை விட்டார்கள். சிரிப்பு.
கௌரங் பாரிக், முப்பத்தெட்டு பேருக்கு மேலாளர்,
தன் அறைக் கதவைத் தேடி
ஜெராக்ஸ் மிஷினைத் தடவிக்கொண்டிருந்தார்.
போய் முழங்கையைத் தொட்டேன்.
இடப்பக்கம், பதினோரு அடி, அப்புறம் கைப்பிடி.
அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

மணி அடித்தது. கைதட்டல்.
"இப்போது புரிகிறது புஷ்பா, எவ்வளவு கஷ்டம்"
என்றார், குரல் தழுதழுக்க.

உங்களுக்குப் புரிந்தது, கௌரங்பாய்,
இருட்டின் முதல் ஐந்து நிமிடம்.
நான் அங்கிருந்து குடிபெயர்ந்து
முப்பத்தொரு வருடமாகிறது.
அதற்கப்புறம்
சொல்லச் சொல்ல ஒருத்தி எழுத, பத்தாவது தேறினேன்.
வீட்டுக்காரரிடம் வாடகை பேசிக் குறைத்தேன்.
காதலித்தேன். ஒருமுறை தப்பான ஆளை.
மூன்று கம்பெனிகளில்
"கூப்பிடுகிறோம்" என்ற சொல்லோடு வீடு திரும்பினேன்.

கஷ்டம் எது, சொல்லட்டுமா?
போன மாதம் ஒன்பதாம் தேதி
மென்பொருளைப் புதுப்பித்தீர்கள்.
அதுவரை என் காதுக்குள்
சேமி, அனுப்பு, நிராகரி என்று
பெயர் சொல்லிக்கொண்டிருந்த திரை
அன்றிலிருந்து சொல்கிறது
பட்டன்.
பட்டன்.
பட்டன்.
எதை அழுத்தினால் பணம் போகும்,
எதை அழுத்தினால் போகாது?
யாரோ ஒருவருடைய ஆஸ்பத்திரி பில் அது.
அழுத்திப் பார்த்தா தெரிந்துகொள்வது?

ஒன்பதாம் தேதியே எழுதினேன். பதினான்கில் மறுபடி.
அடுத்த காலாண்டில் பரிசீலிப்பார்களாம்.
அதுவரை நான் வரவேற்பறையில்
சும்மா உட்காரலாமாம். சம்பளம் வருமாம்.
சும்மா.
எங்கள் வீட்டில் சோற்றோடு பிசைந்து ஊட்டிய சொல்.
சும்மா இரு.
ஒரு மூலையில் சும்மா கிட.
சும்மா எழுந்து எங்கேயாவது விழுந்து தொலைக்காதே.

மைக்கை வாங்கி இதையெல்லாம் சொல்லவில்லை.
பட்டன் என்று மட்டும் பதினேழு முறை சொன்னேன்.
அந்தத் திரையில் பதினேழு இருக்கின்றன.
ஏழாவதுவரை சிரித்தார்கள்.
பன்னிரண்டில் ஒருவர் இருமினார்.
பதினேழில் ஏ.சி. ஓடும் சத்தம்தான் மிச்சம்.

சாயங்காலம் ஓம்கார் சாவந்த் வந்தான்,
மென்பொருள் பிரிவு, என்னோடு இதுவரை பேசாதவன்.
"ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வரி.
அரை நாள் வேலை" என்றான்.
கொஞ்ச நேரம் போகாமல் நின்றான்.
"அரை நாள்தான்" என்றான் மறுபடி,
என்னிடம் இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
திங்கட்கிழமை தெரியும்.

விக்ரோளி நடைமேடையில் கருவி பழுது.
ரயில் நெருங்கும் அதிர்வு காலுக்கு வந்துவிட்டது.
எங்கே நிற்பது?
இருபதடி தள்ளி யாரோ
ஊன்றுகோலால் தரையைத் தட்டத் தொடங்கினார்.
டொக். டொக்.
நடந்தேன்.