பூசினாற்போலும் பூசாதது போலும்

துவாஸ் தெற்கு, மூன்றாம் மாடி, இரவு ஷிப்ட்.
வெளியே காற்றில் ஈரம் எண்பத்தொன்பது சதவீதம்.
பெட்டிக்குள் நைட்ரஜன்;
ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.
இரண்டுக்கும் நடுவில்
கறுத்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி.
அதற்குள் என் கைகள்.

காரீயத்தை விட்டாயிற்று.
அது சொன்ன பேச்சுக் கேட்கும்,
பூசினால் படியும், படிந்தால் நிற்கும்.
தகடு உடைந்து மழை பட்டால்
மெல்ல மண்ணில் இறங்கி
யார் வீட்டுப் பிள்ளையின் எலும்பிலோ போய் உட்காரும்.
அதனால் வெள்ளீயம்.
வெள்ளீயம் நல்லது.
நல்லது என்றால், தொட்டாற்சுருங்கி.
ஒரு வாய்க் காற்றுக்கு
இரண்டு எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்துவிட்டு
எதற்கும் உதவாமல் உட்கார்ந்துகொள்ளும்.

ஈயம் பூசினாற்போலும் இருக்க வேண்டும்,
பூசாதது போலும் இருக்க வேண்டும் என்று
யாரையோ கிண்டல் செய்யச் சொன்னது
எங்கள் வேலையில் அளவுக் குறிப்பு:
இருநூற்றெண்பது நானோமீட்டர்.
ஒரு தலைமுடியை
முந்நூறாகச் சீவினால் அதில் ஒன்று.

விரல்நகம் அளவுச் சில்லில் செய்துவிடலாம்,
கட்டுரை எழுதலாம், கைகுலுக்கலாம்.
எங்களுக்கு வேண்டியது முப்பது சென்டிமீட்டர் அகலத்தில்
நாற்பது மீட்டர், நிற்காமல் ஓடும் சுருள்.
பூச்சு முனையில் தொங்கும் அந்தத் திரவ உதடு
ஒரு நொடி நடுங்கினாலும்
வரிக்குதிரை.

ஒன்பது சுருள்கள், ஒரே கதை.
பன்னிரண்டாம் மீட்டர் வரை கறுப்பு,
நல்ல கறுப்பு, குனிந்தால் முகம் தெரியும்.
பிறகு வலது விளிம்பில் ஒரு பழுப்பு,
தேநீர்க் கறை போல.
ஹஃபீஸா கரைப்பானைச் சந்தேகித்தாள், மாற்றினோம்.
கியாட் ஹோங் சூட்டைச் சந்தேகித்தார், குறைத்தோம்.
டின் ஃபுளோரைடு ஒரு சிட்டிகை கூட்டினோம்.
நான் சப்ளையரைச் சந்தேகித்தேன்,
காரசாரமாக இரண்டு மின்னஞ்சல்.

பத்தாவதுக்கு முன்
கையுறைகளில் காற்றடைத்துப் பார்த்தோம்.
வலது கை. மோதிர விரல்.
ஊசி முனையைவிடச் சிறிய பொத்தல்.

நிச்சயத்துக்குப் போட்ட நெளி மோதிரம்.
கழற்ற வராது என்று
பருத்தி உறைக்குள் மறைத்தே வந்தேன்.
பன்னிரண்டாம் மீட்டரில்தான்
வலது பக்க உருளையை நேராக்கக் கை நீட்டுவேன்.
ஒன்பது முறையும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கியாட் ஹோங் கோப்பி ஓ வாங்கப் போய்விட்டார்.
ஹஃபீஸா பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டுவந்தாள்.
பதினைந்து நிமிடம், கொஞ்சம் தோல்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
முதலில் கையுறைக் கசிவு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு, மோதிரம் என்றேன்.
பிறகு, யாருடையது என்றும்.

பத்தாவது சுருள் முப்பத்தோராம் மீட்டர் வரை போனது.
இது வேறு ஏதோ. நாளைக்கு.

விடிந்ததும் கண்ணாடிக்குள் அடைத்த ஒரு துண்டை
கூரைக்குக் கொண்டுபோனேன்.
எதிரே ஜொகூர், மங்கலாக.
கிழக்கே, இங்கிருந்து தெரியாத பிரானித் தீவில்
நூறு வருஷத்துக்கு முன்
வெள்ளீயம் உருக்கிக் கட்டி கட்டியாகக்
கப்பல் ஏற்றினார்களாம், டன் கணக்கில்.
ராத்திரி முழுக்க நான் பூசியதில்
இருந்தது இரண்டு கிராம்.

கம்பிகளை மாட்டினேன்.
எண்கள் ஏறின.
விரலில் மோதிரம் இருந்த இடம்
வெயில் அறியாத தோல், கூசியது.
மேகம் ஒன்று வந்தது.
எண்கள் இறங்கின.
அது நகரட்டும் என்று
கீழே லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.