ஆறரை மில்லி

இல்லை என்று சொல்வதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
பயாமோ நகரத்து அரசு மருந்துக்கடையில்
காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன்.
வரிசை அதற்கு முன்பே நின்றிருக்கும்.
பாராசிட்டமால்? இல்லை.
பிள்ளைகளுக்கான சிரப்? இல்லை.
எப்போது வரும்?
வியாழக்கிழமை லாரி வந்தால் தெரியும்.
கண்ணாடி அலமாரியை மட்டும் தினமும் துடைக்கிறேன்.
நகர்த்தி வைக்க ஒரு டப்பாவும் இல்லாததால்
துடைப்பது சுலபம்.

செவ்வாய் ராத்திரி,
கரண்ட் போய் நாலாவது மணி நேரத்தில்
லெயானிஸ் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.
"அம்மா, உள்ள யாரோ நாற்காலிய இழுக்கறாங்க."
நாலு வயசு.
வலிக்கு அவளிடம் அந்தச் சொற்கள்தான் இருந்தன.
உப்பை வறுத்துத் துணியில் முடிந்து
ஒத்தடம் கொடுத்தேன்.
நாற்காலி நிற்கவில்லை.
அப்புறம் மேசை. அப்புறம் பீரோ.
என் மகளின் காதுக்குள்
யாரோ வீட்டையே காலி செய்துகொண்டிருந்தார்கள்.

மருந்து எங்கே இருக்கும் என்று
மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா?
குதிரை வண்டிகள் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால்
சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற எவுடால்தோ.
அவன் தங்கை தாம்பாவிலிருந்து
வருகிறவர்களின் பெட்டியில்
காப்பித்தூளுக்கும் உள்ளாடைக்கும் நடுவே
செருகி அனுப்புவாள்.
ஒரு பாட்டில் வாங்க
என் மாதச் சம்பளத்தோடு
சுவர்க் கடிகாரத்தையும் விற்க வேண்டும்.
பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு
இருட்டில் ஓடினேன்.

கதவைத் திறந்தவன்
டார்ச்சை என் முகத்தில் அடித்தான்.
"அட, இல்லைக்காரி!"
திங்கட்கிழமைதான்
அவன் அம்மாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு
அந்த ஒரு சொல்லைக் கொடுத்தனுப்பியிருந்தேன்.
அவனும் அதைத் திருப்பித் தரலாம்.
தருவான் என்றுதான் நின்றேன்.

"எத்தனை கிலோ?"
"பதினாலு. ரேஷன் கடை அரிசித் தராசில நிறுத்தது.
செருப்போட."
"அப்ப?"
"ஆறரை மில்லி."

பாட்டிலின் முதுகில் பேனாக் கோடுகள்.
எந்தக் கோடு எந்த வீட்டுப் பிள்ளையின் ராத்திரியோ.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் இழுத்தான்.
"குமிழியத் தட்டிவிடு" என்றேன்,
"காத்துக்கும் சேத்து நான் காசு குடுக்க முடியாது."
சிரித்தான்.
மூன்று வேளைக்கு மூன்று சிரிஞ்ச்.
நான் நீட்டிய நோட்டுகளைப் பார்க்கவேயில்லை.
"காசு வேண்டாம்.
லாரி வந்ததும் அம்மாவுக்கு ஒரு அட்டை எடுத்து வை."

சரி என்று சொன்னது
என் வாய்தான்.

உதட்டோரம் வழிந்த சிவப்புச் சொட்டை
விரலால் வழித்து மறுபடி ஊட்டினேன்.
முக்கால் மணி நேரம்.
"நாற்காலிய வெச்சுட்டாங்க" என்று
என் தோளில் தூங்கிப்போனாள்.
அந்த நிம்மதியை
நான் யாருக்காகவும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.
இதை எழுதும்போதும் மாட்டேன்.

வியாழன், லாரி வந்தது.
சிரப் இல்லை.
ரத்தக்கொதிப்பு மாத்திரை பதினொரு அட்டை.
பத்தை அலமாரியில் அடுக்கினேன்.
ஒன்று
என் வலது ஷூவுக்குள்.

பதினொன்றாவதாக நின்றவர் பெயர் அர்செனியோ.
முன்பு தபால் கொடுத்துக்கொண்டிருந்தவர்.
கணுக்கால் இரண்டும் வீங்கி, காலணி நாடா கட்டாமல்,
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.
"இல்லை" என்றேன்.
குரல் நடுங்கவில்லை, நல்ல பழக்கம்.
அவர் சண்டை பிடிக்கவில்லை.
இத்தனை வருஷமாக நான் சொன்ன இல்லைகள்
அத்தனையும் உண்மை;
அந்தக் கணக்கில்
இதையும் நம்பினார்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு
வெயிலுக்குள் இறங்கி நடந்தார்.

சாயங்காலம் வரை நின்றே வேலை பார்த்தேன்.
அட்டையின் மூலை குதிகாலில் ஏறியிருந்தது.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த லெயானிஸ்
நான் நொண்டி வருவதைப் பார்த்து
ஓடிவந்து கேட்டாள்:
"வலிக்குதா அம்மா?"

இல்லை என்றேன்.