நாமக்கோழிக் கணக்கு

ஓக்லா. ஜனவரி. காலை ஏழே கால்.
மூங்கில் தட்டியில் பார்க்க ஒரு பிளவு,
என்னைவிடக் குள்ளமான யாரோ வெட்டியது.
முக்கால் மணி நேரமாகக் குனிந்தே நிற்கிறேன்.

பனிமூட்டத்திலிருந்து
தண்ணீர் தவணை தவணையாக வருகிறது.
முதலில் நுரை, யமுனையின் சோப்பு நுரை.
அப்புறம் ஒற்றைச் செருப்பு, சாமந்தி மாலை,
மாலைக்குப் பக்கத்தில் ஒரு நெடுங்கால் உள்ளான்,
வாடகைக்கு எடுத்த கால்களில் நிற்பதுபோல.

"கூட் எத்தனை?" என்கிறாள் தவ்லீன்,
விரல்களை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு.
தமிழில் அது நாமக்கோழி என்றேன்.
நெற்றியைப் பார், அத்தனை கறுப்பில் அந்த ஒரு வெள்ளை.
நாமம் போடுவதற்கு வேறு அர்த்தமும் உண்டு,
அதை இந்தியில் சொல்ல வரவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு.
பதின்மூன்று.
இப்போது மூழ்கியது பதினாலா, முக்குளிப்பானா?

சேற்றுப் பூனைப்பருந்து
கோரைக்கு மேல் தாழ்ந்து வந்தது.
எதையும் எடுக்கவில்லை. சும்மா போனது.
நீர்ப்பரப்பு முழுக்க எழுந்து, அலறி,
இடம் மாறி உட்கார்ந்தது.
நானூற்றுப் பதின்மூன்றுக்கும் நாமம்.

ஆண்டு முழுதும் அடுத்தவர் கோப்புகளில்
'சுமார்' என்ற சொல்லைத் தேடிப்பிடித்துச்
சிவப்பு மையால் சுழிக்கிற தணிக்கைக்காரி நான்.

தவ்லீன் படிவத்தை நீட்டியபடி இருக்கிறாள்.
பேனாவும் தருகிறாள்.
"நானூறுன்னு போடுங்க தீதி, யார் பார்க்கப்போறா?"
பாலத்தில் மெட்ரோ போகிறது, ஜன்னலெல்லாம் மஞ்சள்.
பருந்து இன்னொரு முறை வரலாம்.

இடுப்பு வலிக்க மறுபடி குனிகிறேன்.
கோரை ஓரமாய்
நெற்றி முதலில், உடம்பு பிறகு.

ஒன்று.