மங்காத படம்

முன்பக்கம் உட்கார நாற்பது சென்டாவோ.
திரைக்குப் பின்னால் என்றால் பத்து.
எங்களிடம் இருந்தது இருபது,
அதிலும் ஒன்று செல்லாக்காசு.
நிக்கானோர் அதைக் கடித்துப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
சரி போங்கள் என்றார்.

ஓருரோவிலிருந்து லாரியில் வந்த படம்.
வெள்ளீயச் சுரங்கத்தின் முற்றத்தில்
மாவு மூட்டைகளைப் பிரித்துத் தைத்த திரை.
நாயகி இருட்டில் நின்றபோதெல்லாம்
அவள் கழுத்தில் தெரிந்தது
நாற்பத்தாறு கிலோ என்ற முத்திரை.

எனக்கு ஆறு வயது, அக்கா காசில்டாவுக்குப் பத்து.
இரண்டு பேருக்கும் ஒரே போர்வை.
பைக்குள் சுடச்சுட இரண்டு உருளைக்கிழங்கு,
தின்ன அல்ல, கை காய.
பாதிப் படத்தில் தின்றுவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இடதுகைப் பழக்கம்.
இடது கையால் குடித்தார்கள், கதவு தட்டினார்கள்.
ஒரு கனவான் இடது கையால் சிலுவை போட்டான்.
அய்யோ பாவமே என்று சத்துர்நீனா
அவனுக்கும் சேர்த்து வலது கையால் போட்டாள்.
அடியில் ஓடிய ஸ்பானிய எழுத்துகள்
நண்டுகளாகத் திரும்பி நடந்தன.
நேராக எழுதினாலே எழுத்துக்கூட்டித் திணறுகிற காசில்டா
ஒரு வரி விடாமல் கெச்சுவாவில் படித்துச் சொன்னாள்:
அந்தக் கப்பல்காரன் அவளுடைய அண்ணன்.
இல்லையில்லை, மாமன்.
இப்போது கடிதம் எழுதுகிறாள்,
வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று.

காற்றடித்தால் திரை உப்பும்;
முகமே பிள்ளைத்தாய்ச்சி வயிறாகும்.

திடீரென்று படம் மங்கியது.
முகங்கள் தேநீர் நிறத்துக்கு இறங்கின.
பேச்சு தூக்கக் கலக்கத்தில் இழுபட்டது.
நான் அழ ஆரம்பித்தேன்.

மக்கு, லிஃப்ட் ஏறுகிறது என்றாள்.
இங்கேயும் அங்கேயும் ஒரே மின்சாரம்.
கூண்டு ஆட்களைத் தூக்கினால்
படத்துக்குக் கொஞ்சம் குறையும்.
இது மூன்றாம் தளம். அடுத்தது ஐந்து.
அதற்கடுத்து மங்கினால், அப்பா.

(இப்போது நான் இருக்கும் கோச்சபம்பாவில்
மெத்தை நாற்காலி, குளிர்சாதன அரங்கு.
எப்போதாவது படம் ஒரு நொடி மங்கும்.
எல்லாரும் சீட்டியடிப்பார்கள்.
எனக்கு மட்டும் அப்பாடா என்றிருக்கும்.)

அதன்பிறகு நான் கதையைக் கேட்கவில்லை.
மங்கட்டும் மங்கட்டும் என்று பார்த்திருந்தேன்.
ஐந்தாம் தளம் மங்கித் தெளிந்தது.

அப்புறம் படம் பளிச்சென்று ஓடியது.
அவ்வளவு வெளிச்சம்.
கடல் வந்தது.
எங்கள் ஊரில் கடலைக் கண்டவர் எவருமில்லை.
அலை அலையாய் எண்ணலாம் போலிருந்தது,
எண்ணவும் எண்ணினேன், நூறு வரைக்கும்தான் தெரியும்,
மறுபடி ஒன்றிலிருந்து.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.
இந்தப் பக்கம் சத்துர்நீனா
கைக்குழந்தையை முதுகில் இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.
யாரும் ஓடவில்லை, கத்தவில்லை.
முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராய் எழ,
அவர்கள் தொப்பிகளின் நிழல்
கடல்மேல் நடந்து போனது.
நிக்கானோர் படத்தை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் அதுவே சேதியாகிவிடும் என்று நினைத்திருக்கலாம்.
கை ஓடவில்லையோ என்னவோ.

காசில்டாவும் நிறுத்தவில்லை.
என் மணிக்கட்டை நெரித்துப் பிடித்தபடி
எழுத்தே ஓடாத இடத்திலும் படித்தாள்:
அண்ணன் திரும்பி வருகிறான்.
மாமனும் வருகிறான்.
அவர்களுடைய நாயும் வருகிறது.
படத்தில் நாய் கிடையாது.

விடிவதற்குள் அப்பா வந்தார்.
வடம் சிக்கிக்கொண்டதாம்.
முந்நூறு மீட்டர் இரும்பு ஏணி,
கும்மிருட்டு, ஒருவர் தலைமேல் ஒருவர் கால்.
உள்ளங்கையில் தோல் இல்லை.
அம்மா ஒன்றும் கேட்காமல்
வெந்நீர்ப் பாத்திரத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.
கைகளை முக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு,
என்ன, படம் எப்படி என்றார்.

முடிவு பார்க்கவில்லை என்றாள் காசில்டா.

நாய் வந்துவிட்டது என்றேன் நான்.