நிறுத்தி வைக்கப்பட்டவை: ஒன்று

லியெபாயா துறைமுகம். பின்னிரவு இரண்டரை.
பூட்டியிருப்பது தெரிந்தும்
கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது பால்டிக் காற்று.
மேசைக்கடியில் இருக்கும் பழைய லினக்ஸ் பெட்டியைப்
புதுப்பிக்கச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள் விஸ்மா.

களஞ்சியத்திலிருந்து இறங்கின
இருநூற்றுப் பதினான்கு பொதிகள்.
கெர்னல், எழுத்துருக்கள்,
எங்கோ ஒரு நாடு தன் கோடைக்காலத்தை
ஒரு மணிநேரம் தள்ளிவைத்த செய்தி,
இங்கே இல்லவே இல்லாத அச்சுப்பொறிக்கு ஏதோ மருந்து.
மத்திக் கூட்டம் போல வரிகள் திரும்பித் திரும்பி மின்னின.

பிறகு அது நின்றது.
நிறுத்தி வைக்கப்பட்டவை: ஒன்று.

கடல்மட்டக் கருவியிடம் எண் வாங்கி வரும்
சின்ன நிரலகம். நாற்பது கிலோபைட்.
யாரும் கேட்டு நிறுவியதல்ல,
வேறொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது.
பிடித்த கை இன்றிரவு விட்டுவிட்டது.
"இனி இது தேவையில்லை. நீக்கவா?"
என்றது திரை, மரியாதையாகத்தான்.

நீக்கினால் துறைமுகத்துக்குக் கண் போய்விடும்.

மாற்றக் குறிப்புகளைத் திறந்தாள்.
பராமரிப்பவர்: ஒராசியோ பெத்தாங்கூர், பைசாந்து, உருகுவே.
கடைசிக் குறிப்புக்குப் பதினொரு வயது:
"எழுத்துப்பிழை ஒன்று திருத்தினேன். இங்கே நல்ல மழை."
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
அவருக்குப் போட்ட மின்னஞ்சல்
நான்கே நொடியில் திரும்பி வந்தது,
அப்படி ஒரு முகவரியே இல்லையென்று.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள்.
இந்தத் தேரின் வடம் தொட்டவர்கள்
ஒருவர் முகம் ஒருவர் பார்த்ததில்லை.
எந்தக் கை எப்போது விலகியதென்று
சக்கரம் நின்ற பிறகுதான் தெரிகிறது.

மூல நிரலை இறக்கிப் படித்தாள். அறுநூறு வரி.
நடுவில் ஸ்பானிய மொழியில் ஒரு கருத்துரை:
"இது எப்படி ஓடுகிறது என்று எனக்கே தெரியாது, தொடாதே."
அந்த இரவில் முதல்முறையாகச் சிரித்தாள்.
தொட்டாள்.
மூன்றுமுறை தப்பாக. நான்காவதில் ஒட்டிக்கொண்டது.

பராமரிப்பவர் என்ற இடத்தில்
பழைய பெயரை அழிக்கப் போன விரல் நின்றது.
அதன் கீழே சேர்த்தாள்: விஸ்மா ஓஸோலின்யா.
குறிப்பில், "ஒரு வரி மாற்றம். இங்கே காற்று."
இங்கே காற்று என்பதை அழித்தாள்.
மறுபடி அடித்தாள்.

வானொலியில் இழுவைக் கப்பல் கரகரத்தது:
"மட்டம் எவ்வளவு?"
"கூட்டல் நாற்பத்திரண்டு."
"ம்."

காப்பியில் ஆடை கட்டியிருந்தது.