இருபதாவது பூட்டு

பள்ளம் கண்ட இடத்தில் பாய்வது
தண்ணீர் மட்டுமல்ல, ட்ரோண்ட்ஹைமும்தான்.
காலையில் சிங்சாக்கர் மேட்டிலிருந்து
பெடலே மிதிக்காமல் வழிந்து வந்து
நீடெல்வா ஆற்றோரம் தேங்கிவிடும்.
மாலையில் அதே ஆட்கள் பஸ்ஸில் ஏறி
வீட்டுக்குப் போய்விடுவார்கள்.
சைக்கிள்கள் என் பொறுப்பு.

"ராத்திரியில் உனக்கு என்னதான் வேலை?"
என்றான் ஐவின்.
ஊரை மேட்டில் தூக்கி வைக்கிறேன் என்றேன்.

கூடைகளில் கிடைப்பவை:
ஒற்றைக் கையுறை, நனைந்த நூலகப் புத்தகம்,
ஒரு தடவை
உயிருள்ள நண்டு.

செப்டம்பரில் ஒரு நாள், ஐந்து மணி.
காலியாக இருக்கவேண்டிய மேட்டு நிலையத்தில்
ஒரே ஒரு சைக்கிள்.
சீட்டைக் கடைசிவரை இறக்கியிருந்தது.
கைப்பிடியில் மாவு.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.

இந்த ஊரில் ஏறிப் போகவும் ஒரு ஆளா?

ஒரு வாரம் முன்னதாகவே வந்து
இருபது பூட்டையும் நிரப்பிவிட்டு
வேனில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.
வந்தாள்.
குள்ளமானவள், பேக்கரிச் சட்டை,
வாயெல்லாம் ஆவி.
பூட்டுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
ஒருமுறை பார்த்தாள்.
திட்டக்கூட இல்லை.
ஏறி வந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
இடம் தேடிக்
கீழ் நிலையத்துக்கு இறங்கினாள்.
அங்கிருந்து நடந்துதான்
மறுபடி ஏறியிருப்பாள்.
காபி ஆறிப்போயிருந்தது.

இப்போது பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.
ஒன்று குறைகிறதே என்று
அலுவலகத்தில் கேட்கிறார்கள்.
பூட்டு பழுது என்று எழுதி வைத்திருக்கிறேன்.
ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.
அவசரமில்லை என்றேன்.